உட்கார மறந்த அம்மா

அஞ்சனாவின் அம்மா பொன்மணி உட்காருவதையே மறந்துவிட்டார்.

விடியும் முன்பே மட்டாஞ்சேரித் தெருக்களைக் கூட்டக் கிளம்பிவிடுவார். வீட்டுக்கு வந்தால் பாத்திரம் தேய்ப்பார். தேய்த்ததையே மறுபடியும் தேய்ப்பார். சாயாவைக்கூட நின்றபடியே குடிப்பார்.

எல்லாம் பேச்சி அத்தை போன பிறகுதான். அத்தை அம்மாவோடு சேர்ந்து தெருக் கூட்டியவர். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து இறந்துபோனார். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஓயாமல் வேலை செய்தார். போன வாரம் நடுத்தெருவில் மயங்கி விழுந்தார்.

அம்மாவும் அத்தையைப் போலப் போய்விட்டால்? எப்படியாவது அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று அஞ்சனா நினைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் காடு நினைவுக்கு வந்தது. சுனிதா டீச்சர் ஐந்தாம் வகுப்பு முழுவதையும் அங்கே கூட்டிப் போயிருந்தார். காயலுக்கு அக்கரையில் இருக்கும் சின்ன அலையாத்திக் காடு அது.

"ஓட வேண்டாம், பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்து மரத்தைப் பாருங்க. காத்தைக் கேளுங்க. இதுக்கு வனக்குளியல்னு பேரு," என்றார் டீச்சர்.

"மரத்தைப் பார்த்தா மார்க் உண்டா டீச்சர்?" என்று கேட்டான் ரமேஷ்பாபு.

மார்க் கிடைக்கவில்லை. ஆனால் அன்று அஞ்சனாவின் மனப்பாரம் கொஞ்சம் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்தா மோளே, துணியெல்லாம் அலக்காம கிடக்கு!"

"துணியை வந்து துவைச்சுக்கலாம்மா, எங்கேயும் ஓடிப் போகாது. வா!"

மூன்று வயதுத் தம்பி அபிலாஷையும் கூட்டிக்கொண்டு படகேறினார்கள்.

வானம் மூடிக் கிடந்தது. காட்டில் சேற்று வாசம் அடித்தது. அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். 'அப்பாடா!' என்று அஞ்சனா மூச்சு விடுவதற்குள் எழுந்துவிட்டார். வேரில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது. அதை எடுத்தார். அப்புறம் ஒரு பாட்டில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றிலேயே இறங்கிவிட்டார்.

"அம்மா, இன்னிக்கு உனக்கு லீவு!"

"கண்ணுல பட்டதை எப்படி விடறது?"

எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தால் உட்காருவார் என்று அஞ்சனாவும் சேர்ந்து பொறுக்கினாள். ஓரளவு சுத்தமானது. உடனே அலை வந்து இன்னொரு பாட்டிலை ஒதுக்கிவிட்டுப் போனது. அஞ்சனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவை எப்படித்தான் உட்கார வைப்பது?

அப்போது ஓடியாடிக் களைத்த அபிலாஷ் பெரிதாகக் கொட்டாவி விட்டான். அஞ்சனா அவனைப் பார்த்தாள். சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"அம்மா, தம்பிக்குத் தூக்கம் வருது. மடியில போட்டுக்கோ."

அம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அபிலாஷ் மடியில் சுருண்டு தூங்கிப்போனான். மறுபடி ஒரு பாட்டில் மிதந்து வந்தது. அம்மாவின் கை துறுதுறுத்தது.

"அசையாதேம்மா! முழிச்சுட்டா ஊரைக் கூட்டிடுவான்," என்று கிசுகிசுத்தாள் அஞ்சனா.

அது உண்மைதான். அம்மா அசையவில்லை. பாட்டில் அதன்பாட்டுக்குப் போய்விட்டது.

அம்மாவின் கைகளுக்கு இப்போது வேலை இல்லை. இலைகள் சலசலத்தன. எங்கோ ஒரு மீன்கொத்தி கத்தியது. அம்மா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேச்சி இருந்தா இந்நேரம் குறட்டை விட்டிருப்பா," என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை. தேம்பித் தேம்பி அழுதார். அஞ்சனா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளும் அழுதாள்.

கண்ணீர்த் துளி ஒன்று அபிலாஷின் கன்னத்தில் விழுந்தது. அவன் ஒரு கண்ணைத் திறந்தான். அஞ்சனா உதட்டில் விரல் வைத்து, 'எழுந்திருக்காதே' என்பதுபோலத் தலையாட்டினாள். ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காத அபிலாஷ், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டான்.

அன்று அவர்கள் கடைசிப் படகில்தான் வீடு திரும்பினார்கள்.