நடுத்தூண்: தயார்

மின்னக் கூடாத விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

பிரம்மநாயகி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஆற்றுத் தடுப்பணையின் கட்டுப்பாட்டு அறையில், மழைக்கு முந்தைய சாயங்காலப் புழுக்கமும், ஜன்னல் வழியே ஏறிவந்த பாசி நாற்றமும், சூடேறிய வயரின் வாடையும் கலந்து கிடக்க, சுவர்ப் பலகையில் அந்தப் பச்சைப் பொட்டு நிதானமாக, ஒரு நாடியைப் போலத் துடித்தது. ஷட்டர்களைத் திறக்க மூன்று கணினிகள் வைத்திருந்தார்கள். ஒன்று இக்கரையில் இவளிடம். ஒன்று எதிர்க்கரையில் மகேஷிடம். மூன்றாவது நடுத்தூணில் இருந்தது. போன வெள்ளம் அந்த அறையோடு அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. கணினிகள் தாம் உயிரோடிருப்பதை ஒன்றுக்கொன்று துடிப்பு அனுப்பிச் சொல்லிக்கொள்ளும். உயிரோடிருப்பவை எல்லாம் 'தயார்' என்றால்தான் ஷட்டர் திறக்கும். ஒன்று மறுத்தாலும் உத்தரவு ரத்து.

மகேஷைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏலே, நடுத்தூணு லைட்டு எரியுது, பாத்தியா?"

"எனக்கும் எரியுதுக்கா. பழைய சிக்னல் எங்கனயாவது சுத்திக்கிட்டு கெடக்கும்."

அவள் பலகைக்குப் பின்னால் குனிந்து, தூசியும் நூலாம்படையும் ஒட்டிய வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனாள். நடுத்தூணின் கேபிள் வெட்டிய நுனியோடு தரையில் கிடந்தது. நுனியிலிருந்து தண்ணீர் கசிந்தது.

நிமிர்ந்தபோது திரையில் எழுத்து வந்திருந்தது. எல்லா ஷட்டர்களையும் திறக்க உத்தரவு. நடுத்தூண்: தயார். எதிர்க்கரை: தயார்.

"அக்கா, நான் எதையும் தொடல," என்றான் மகேஷ்.

ஷட்டர்களுக்குக் கீழே, அவன் பக்கத்துப் படித்துறையில், மேலப்பாளையத்திலிருந்து வேனில் வந்த குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகளின் கூச்சல் இக்கரைவரை கேட்டது.

அவள் 'ரத்து' அழுத்தினாள். திரை வெறுமையானது. மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினாள்.

"மகேஷு, ஓடு. எல்லாரையும் கரையேத்து."

"நீங்க?"

"நான் மறுத்துக்கிட்டே இருக்கேன். எத்தன தடவ கேக்குதுன்னு பாப்போம்."

கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் விரல் மரத்தது. பிறகு கேள்வி நின்றது. புதிதாக ஒரு வரி வந்தது.

இக்கரை: துடிப்பு இல்லை. இறந்ததாகக் கொள்ளப்படுகிறது. மற்ற இரண்டும் முடிவெடுக்கும்.

இக்கரைக் கணினி அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவளை அறியாமல் விரல் கழுத்து நாடிக்குப் போனது. துடித்தது.

"யாரு செத்தது?" என்றாள் திரையைப் பார்த்து.

மெயின் சுவிட்சை இறக்கினாள். விசிறி நின்றது. திரை அணைந்தது. பச்சை விளக்கு அணையவில்லை. வெளியே சங்கிலி கிரீச்சிட்டது.

ஷட்டர்களுக்கு மேலிருந்த பாலத்துக்கு ஓடினாள். எல்லாவற்றையும் ஒருசேரக் கையால் ஏற்றும் இரும்புச் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாய்ந்து பிடித்தாள். தோள் கழன்றுவிடும்போல் இழுத்தது. படித்துறையில் பாதிப்பேர்தான் ஏறியிருந்தார்கள்.

குனிந்து பார்த்தாள்.

ஷட்டர்கள் ஒரு சாண் தூக்கியிருந்தன. அடியில் தண்ணீர் பீறிட்டது. அந்த நுரைக்குள் விரல்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. வெளுத்து ஊறிய விரல்கள். விளிம்பைப் பிடித்து மேலே தள்ளின.

"முடியாதுலே." சக்கரத்தின்மேல் நெஞ்சோடு சாய்ந்தாள். "நான் இருக்கேன்."

பற்களைக் கடித்தாள். சக்கரம் நின்றது. சக்கரத்தின் பல் ஒன்று பின்னால் நகர்ந்தது. இன்னொன்று.

கடைசிப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மகேஷ் படியேறினான்.

விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விளிம்பை விட்டன. ஷட்டர்கள் தடாலென்று இறங்கின. அமைதி.

பிறகு, ஈர இரும்பில் உள்ளங்கைகள் அறையும் சத்தம். ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே. அவளை நோக்கி.

அவள் சக்கரத்தை விடவில்லை.