பேராசிரியர் படித்த புத்தகம்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் பார்வதத்தின் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் பார்த்திருக்கும் மாப்பிள்ளை யோக்கியனா என்று கேட்டு வருவார்கள். ரூத் வந்தது வேறு விஷயமாக.

"நான் திருடின்னு சொல்றாங்க மேடம். நாளைக்கு கமிட்டி. என் பிஎச்டியே போயிடும்."

"யாரு சொல்றது?"

"என் கைடு. பேராசிரியர் அருணகிரி."

பார்வதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காவல்துறையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் அவளிடம் கூசாமல் பொய் சொன்னதுண்டு. படித்தவர்கள் சொன்ன பொய்யில்தான் இலக்கணப் பிழை இருக்காது. அதனாலேயே அவர்கள்மேல் அவளுக்கு மரியாதை விட்டுப்போயிருந்தது.

ரூத் புதுப்பட்டினத்துப் பெண். மாமல்லபுரக் கரையோரச் சிற்பங்களுக்கு ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்களா என்பது அவள் ஆராய்ச்சி. ஆபிரகாம் என்ற ஓவிய ஆசிரியர் தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு பாறைச் சிற்பத்தில் சாயம் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கட்டுரை எழுதியிருந்தார். இன்று அந்தப் பாறையில் ஒரு பொட்டுச் சாயம்கூட இல்லை, உப்புக்காற்று தின்றுவிட்டது.

"கட்டுரை வந்த இதழ் நம்ம பல்கலைக்கழக நூலகத்துல இருக்குன்னு கேட்லாக்ல காட்டுச்சு. நான் போன நேரம் மழைத்தண்ணி இறங்கி அந்தப் பகுதியையே மூடிட்டாங்க. நூலகர் அம்சா மேடம்தான், எழுதினவர் குடும்பத்தைத் தேடிப்பாருன்னு சொன்னாங்க. பேரன் வீடு சதுரங்கப்பட்டினத்துல. அந்தக் கட்டுரையை மட்டும் தனியா அச்சடிச்சு எழுதினவருக்குக் குடுத்த பிரதி அங்க பத்திரமா இருந்துச்சு. அதை நகலெடுத்து என் அத்தியாயத்தோட சார் கையில குடுத்தேன்."

அடுத்த ஆறாவது மாதம் அதே விஷயம் அருணகிரியின் பெயரில் கட்டுரையாக வெளிவந்தது. ரூத் போய்க் கேட்டாள். அவள்தான் தன்னிடமிருந்து திருடியதாக அவர் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டார்.

"இவங்கள்லாம் சொந்தமா இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியுமான்னு கமிட்டிகிட்ட சிரிச்சிகிட்டே கேட்டாராம் மேடம்." ரூத் அழவில்லை. அழுதிருந்தால் பார்ப்பவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பார்வதத்தின் உதவியாளர் பெஞ்சமின் துள்ளி எழுந்தார். சொந்த ஆட்டோவும் ஐம்பது வயதும் உள்ளவர். அவசரம் மட்டும் இருபது வயதுக்காரனுடையது. "இன்னா மேடம் அநியாயமா கீது! அந்தாள நம்ம ஆட்டோல ஏத்தி வுடு. மேடு பள்ளமா பாத்து ஓட்டி உண்மைய கக்க வெக்கிறேன்."

"உக்காரு பெஞ்சமின். முதல்ல படிப்போம்."

அருணகிரியின் கட்டுரையில் ஒரு வரி இருந்தது: 'இவ்விதழின் ஒரே பிரதி நம் நூலகத்தில் உள்ளது. அப்பிரதியை முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை பயின்ற பின்பே இதை எழுதுகிறேன்.'

"ஆள் பெருமைக்காரரு," என்றாள் பார்வதம். "நமக்கு நல்லது."

அன்று மதியமே மூவரும் நூலகம் போனார்கள். பழுது முடிந்து அந்தப் பகுதி திறந்திருந்தது. அம்சா இதழை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். பார்வதம் பொருளடக்கத்தில் ஆபிரகாமின் பெயரைப் பார்த்தாள். அந்தப் பக்கங்களுக்குப் போய்த் தாள்களின் விளிம்பை விரலால் தடவினாள். நடுவில் கட்டைவிரலை நுழைக்கப் பார்த்தாள். பிறகு இதழை மூடிவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா மேடம், படிக்காமலே மூடிட்ட?"

"நாளைக்குப் படிக்கலாம். வரும்போது பழம் வெட்டுற கத்தி ஒண்ணு எடுத்துகிட்டு வா. அம்சா, இதை நீங்களே கமிட்டிக்குக் கொண்டுவாங்க. அதுவரைக்கும் வேற யார் கையும் படக்கூடாது."

கமிட்டி மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் கூடியது. கருத்தரங்குக்கு வந்திருந்த மூன்று பெரியவர்கள், வறுத்த மீனுக்கும் மதியத் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு பெண்ணின் ஐந்து வருஷ உழைப்பை முடித்துக்கட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். அருணகிரி வெள்ளைக் கதர்ச் சட்டையில் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். அவர் கட்டுரையை மூவரும் ஏற்கெனவே மேடையில் பாராட்டியவர்கள். மூவரில் ஒருவர்கூட அந்த இதழைக் கண்ணால் பார்த்ததில்லை.

"ரூத் சார்பா ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் பார்வதம். "ஆபிரகாம் கட்டுரையை எங்க படிச்சீங்க சார்?"

"எழுதியிருக்கிறேனே அம்மா. நம் நூலகப் பிரதியில்."

"வேற எங்கயும் இல்ல?"

"வேறு பிரதியே கிடையாது என்றுதானே சொல்கிறேன்!"

"முழுசாப் படிச்சீங்களா?"

"எழுத்து விடாமல்."

அம்சா இதழை அவர் முன்னால் வைத்தார். "அந்தச் சாய வரி இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார்," என்றாள் பார்வதம்.

அருணகிரி புரட்டினார். ஒரு தாளைப் பிரிக்கப் பார்த்தார், அது பிரியவில்லை. அடுத்த தாளும் பிரியவில்லை.

பார்வதம் கமிட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தக் காலத்துல பெரிய தாள்ல அச்சடிச்சு, மடிச்சு, அப்படியே தைச்சிடுவாங்க. முதல்ல படிக்கிறவர்தான் கத்தியால விளிம்பை வெட்டிப் பிரிக்கணும். இந்தக் கட்டுரையோட தாளுங்கள்ல மேல்பக்க மடிப்பும் வெட்டல, பக்கவாட்டு மடிப்பும் வெட்டல. தொண்ணூறு வருஷமா ஒருத்தரும் பிரிக்கல. மூடின கவருக்குள்ள இருக்கிறத சார் எழுத்து விடாமப் படிச்சிருக்காரு. அந்தக் கட்டுரை வெளியில இருந்தது ரூத் கண்டுபிடிச்ச தனிப் பிரதியில மட்டும்தான். அதோட நகல் போனது இவர் கைக்கு மட்டும்தான். திருடினதுகூடத் தப்பில்லைன்னு வெச்சுக்குவோம் சார். புத்தகத்தை ஒரு தடவை போய்ப் பார்க்கக்கூடவா சோம்பல்?"

கமிட்டித் தலைவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "அந்த வரி உள்ளே இருக்கிறதா என்றாவது பார்க்கலாமே," என்று முனகினார்.

அம்சா தலையசைத்தார். பெஞ்சமின் கத்தியை நீட்ட, ரூத் வாங்கிக்கொண்டாள். மடிப்பை மெதுவாக வெட்டினாள். உள்ளே தாள் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்: "'ஆடை மடிப்புகளின் உட்புறத்தில் செங்காவி இன்னும் ஒட்டியிருந்தது. விரலில் பட்டது.'"

பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரூத்தின் ஆய்வேடு தொடரும் என்றும், பேராசிரியர் கட்டுரைமீது விசாரணை வரும் என்றும் சொன்னார்.

அருணகிரி இதழை நோக்கிக் கை நீட்டினார். "நான் ஒருமுறை பார்க்கலாமா?"

அம்சா இதழை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நூலகத்துக்கு வாங்க சார். மெம்பர் கார்டு இருக்கா?"

அவரிடம் இல்லை.