வந்துட்டா, தூங்குறா

கொக்கியில் வாயாடியின் பை தொங்கியது. வாயாடியின் சத்தம்தான் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பெற்றவர்கள் வந்து கூட்டிப்போகும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. மிஸ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அமைதி அவளுக்கு உறைத்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் கூடத்துக்குள் நேரத்துக்கு முன்பே இருட்டு இறங்கியிருந்தது. பினாயிலும் சிந்திய பாலும் ஈரச் சாக்ஸும் கலந்த வாடை சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒரு குழாய் விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. வாயாடியின் அம்மா எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். அதுவரை அந்தப் பெண்ணின் வாய் ஓயாது. எறும்புக்கு முழங்கால் உண்டா, மிஸ்ஸுக்கு ஏன் மீசை முளைக்கவில்லை என்று உயிரை வாங்குவாள். சின்னவர்களைத் தூங்கவைக்கும்போது மிஸ் உதட்டில் விரல் வைத்துக் காட்டினால், தானும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, அந்த விரலுக்குப் பின்னாலிருந்தே பேசுவாள்.

பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவரும் வண்டிக்காரர் முதலில் பைகளைத்தான் இறக்குவார். மொத்தமாக மிஸ்ஸின் கையில் திணித்துவிட்டு, "எல்லாம் சரியா மிஸ்?" என்பார். அதற்குள் பிள்ளைகள் அவள் இடுப்பை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்திருப்பார்கள். ஓடுகிற பிள்ளைகளை எண்ண யாரால் முடியும். அதனால் அவள் பைகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவற்றை எண்ணுவாள். கொக்கிகள் நிறைந்தால் பிள்ளைகள் வந்தாயிற்று. ஒற்றை ஆளாக இத்தனை பேரைக் கட்டி மேய்க்கச் சொன்ன நிர்வாகத்துக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்ளும்.

இன்றும் கொக்கிகள் நிறைந்திருந்தன. வாயாடியின் அம்மா வேலையிடத்திலிருந்து ஃபோனில் கேட்டபோது, பையைப் பார்த்துத்தான் மிஸ் பதில் சொன்னாள்.

"வந்துட்டா. தூங்குறா."

தூங்குகிறாள் என்றது பழக்கதோஷம். விழித்திருக்கிறாள் என்றால் ஃபோனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்வார்கள். அதற்குள் இங்கே இன்னொன்று எதையாவது கவிழ்த்திருக்கும்.

துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு ஷூ வைக்கும் தட்டைப் பார்த்தாள். காலி. கழிப்பறையில் பார்த்தாள், மேஜைகளுக்குக் கீழே பார்த்தாள், பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். தூங்கும் அறையில் சுருட்டிய பாய்கள் மூலையில் நின்றன. அவளே சுருட்டி வைத்தவை.

பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தாள். அலுவலகப் பெண் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல, குரலிலேயே அவசரம் தெரிந்தது.

"வண்டில ஏறினதை நானே பாத்தேன் மேடம். எங்க கேட்டைத் தாண்டிட்டா அது வண்டிக்காரர் பொறுப்பு."

வண்டிக்காரர் வீட்டில் டிவி ஓடியது.

"உங்க வாசல்ல இறங்கினதை நானே பாத்தேன் மிஸ். பை உங்ககிட்டதானே இருக்கு? பை இருந்தா பிள்ளையும் உங்க பொறுப்பு."

"வண்டிக்குள்ள நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"பாக்காமயா ஷெட்ல விட்டுப் பூட்டுவேன்?"

பார்க்கவில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. தானும் பார்க்காதவள் எந்த வாயால் அவரைத் திட்டுவது. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். மழையாக இருக்கிறதே என்று இழுத்துவிட்டு, சரி என்றார்.

ஏறினதைப் பார்த்தவள் இருக்கிறாள், இறங்கினதைப் பார்த்தவர் இருக்கிறார், வந்துவிட்டாள் என்று சொன்னவளும் இருக்கிறாள். பிள்ளையைத்தான் காணோம்.

ஃபோன் சிணுங்கியது. வாயாடியின் அம்மாவிடமிருந்து செய்தி: பக்கத்துல வந்துட்டேன்.

மிஸ் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சொன்னது அவள். மற்ற இருவரும் தங்கள் கேட்டையும் கதவையும் காட்டித் தப்பித்துவிடுவார்கள். அவள் சொன்ன சொல் அவள் கழுத்தில்தான் விழும். வேலை போகும். போலீஸ் வரும். அவளுடைய சொந்த மகன், இதே மாதிரி ஓர் இடத்தில் விடக் கட்டுப்படியாகாமல், வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். அவனுக்கு என்ன சொல்வது. அந்தக் குழந்தை எங்கே என்பதைவிட, அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அது அவளுக்கே கேவலமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வந்துட்டா. தூங்குறா. வந்துட்டா. தூங்குறா.

குழாய் சொட்டுவது நின்றது.

தூங்கும் அறையில் யாரோ மூச்சு விட்டார்கள்.

எழுந்து போனாள். ஒரு பாய் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு போர்வை, போர்வைக்குள் ஒரு சின்ன மேடு, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போர்வை விளிம்பில் கறுப்பு முடி, வாயாடியின் ரிப்பன்.

முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மண்டியிட்டுக் குனிந்தாள். பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் வியர்வை நாறும், பென்சில் சீவல் மணக்கும். இதனிடம் எந்த வாசனையும் இல்லை. துவைத்த துணியின் வாசனைகூட இல்லை.

போர்வையை விலக்க அவள் கை போகவில்லை.

அழைப்பு மணி அடித்தது. வாயாடியின் அம்மா குடையை உதறிக்கொண்டே நேரே தூங்கும் அறைக்குள் வந்தாள். அரை இருட்டில் பிள்ளையைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு நேரமாவா தூங்குறா? ராத்திரி என்னைத் தூங்க விட்டாப்லதான்."

"ஆட்டம் ஜாஸ்தி இன்னிக்கு," என்றாள் மிஸ்.

"ஷூ எங்க மிஸ்?"

போர்வைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தொங்கின. வெள்ளையாக, மழமழவென்று. உள்ளங்காலில் ஒரு ரேகை இல்லை. ஒரு நாளும் தரையில் பட்டிராத கால்கள்.

"நாளைக்குத் தேடித் தர்றேன்."

"மறந்துடாதீங்க. புதுசு அது." பையையும் எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் மிஸ். நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா வேலை பாக்குறேன்."

வாசல் விளக்கடியில் கார் நின்றது. அம்மா மழையில் நடந்தாள். தோளில் அந்தத் தலை அசையாமல் சாய்ந்திருந்தது.

ஃபோன் அடித்தது. வண்டிக்காரர். மூச்சு வாங்கினார்.

"மிஸ். ஷெட்ல நிக்கிறேன். வண்டிக்குள்ள ஒரு பிள்ளை இருக்கு."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பின்சீட்டு கண்ணாடிகிட்ட நின்னு தட்டுது. ஷூ போட்டிருக்கு, புது ஷூ. வாய் ஓயாம என்னமோ பேசுது மிஸ், கண்ணாடி மூடியிருக்கு, ஒண்ணும் கேக்கல. உங்க பிள்ளைதானே?"

டொக். டொக். ஃபோனுக்குள் கேட்டது. சின்ன விரல் முட்டி. டொக்.

வாசலில் அம்மா கார்க் கதவைத் திறந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஒரு வார்த்தை போதும்.

தோளில் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்தது. வாயாடியின் முகம். வாயாடியின் கண். மழைக்கு அது இமைக்கவில்லை. மிஸ்ஸையே பார்த்தது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. விரலை உதட்டில் வைத்தது.

அவள் காட்டுவாளே, அதே மாதிரி.

"மிஸ்? இது யாரு பொறுப்பு மிஸ்? நான் திறக்கட்டுமா வேணாமா?"

"எங்க பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சுண்ணே," என்றாள். அது அவள் குரல்தான். "வாயாடியை இப்பதான் அவங்கம்மா கூட்டிட்டுப் போனாங்க."

அந்தப் பக்கம் கண்ணாடியில் தட்டல் தொடர்ந்தது.

"அப்ப இது..." வண்டிக்காரர் நிறுத்தினார். பிறகு அவர் குரலில் மெல்ல ஒரு நிம்மதி வந்தது. "அப்ப நம்ம பிள்ளை இல்ல. அப்ப சரி மிஸ்."

ஃபோனை அணைக்க மறந்துவிட்டார். ஷெட்டின் ஷட்டர் கிறீச்சிட்டு இறங்குவது கேட்டது. டொக். டொக். ஷட்டர் தரையில் மோதியது. அதற்குப் பிறகும், மிகவும் மெலிதாக. டொக்.

கார் நகர்ந்தது. பின் கண்ணாடியில் அந்த முகம். உதட்டில் விரல்.

மிஸ்ஸின் விரலும் அவள் உதட்டில்தான் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அவளால் அதை எடுக்க முடியவில்லை.