இர்மாவின் முறை

மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். செம்மண் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. எங்கள் பக்கத்துப் பேய்கள் இருட்டுவதற்காகக் காத்திருப்பதில்லை, இந்த உச்சி வெயில் நேரம்தான் அவற்றுக்கு உகந்தது என்பார்கள். அதையெல்லாம் நான் நம்பியதில்லை. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யெர்பா இலை ஆலைக்குள் நுழைந்தேன். சென்சார் பெட்டி மறுபடியும் செத்துவிட்டதாகத் தகவல் வந்திருந்தது.

ஆலைக்காரி ஹலினா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மரியாதைக்கு எல்லோரும் அவளைத் தோன்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"வந்துட்டியா நெலி? பச்சப்புள்ள பால் குடிக்கிற மாதிரி உன் டப்பா பேட்டரியைக் குடிக்குது."

"பாத்துடறேன், தோன்யா."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. இர்மா மாட்டின டப்பா ரெண்டு வருஷம் ஓடுச்சு. ஒரு நாள் மக்கர் பண்ணலை. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். அப்புறம் கோவிச்சுக்காதே."

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவள் இர்மா. செத்தும் என்னைக் கெடுக்கிறவள்.

இலை மூட்டைகளைக் கூரை வரை அடுக்கி, வெதுவெதுப்பான ஈரத்தில் மாதக்கணக்கில் பதப்படுத்தும் அறை ஒன்று ஆலையின் பின்பக்கம் இருக்கிறது. உள்ளே சூடு மீறினால் மூட்டைகளின் வயிற்றில் இலை கருகிவிடும். சுவரில் மாட்டிய என் பெட்டிதான் அந்தச் சூட்டையும் ஈரத்தையும் கம்பியில்லாமல் வெளியே சொல்ல வேண்டும். அது ஊமையானால் ஒரு பருவத்து இலையே போய்விடும்.

அறை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து தாரியோ, யெர்பா இலையில் போடும் மாத்தே பானத்தை ஊற்றிக்கொண்டிருந்தான். அறைக்குக் காவல் அவன்தான். முன்பு இர்மாவின் ஆளாக இருந்தவன், கோடையிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறான். சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, குழல் செருகி, கசப்பான முதல் சுற்றைத் தானே உறிஞ்சினான். அடுத்ததுதான் நுரை பொங்கும் நல்ல சுற்று. அதை என்னிடம் நீட்டுவான் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவன் எழுந்து போய் அறையின் அடைத்த சன்னல் விளிம்பில் வைத்தான். அதில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒன்றையும் கிள்ளிப் போட்டான். இர்மாவுக்கு அப்படித்தான் பிடிக்குமாம்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இது?" என்றேன்.

"அவ நன்றி சொல்லலையே, நெலி."

எங்கள் வழக்கம் அது. ஒரே குடுக்கைதான் வட்டமாக முறை வைத்துக் கைமாறும். குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும், வட்டத்திலிருந்து எழுந்துகொள்கிறேன் என்று அர்த்தம். சொல்லாதவரை முறை வந்துகொண்டே இருக்கும். இதே போல ஒரு மதியம், பாதிச் சுற்றில், "இதோ வந்துடறேன், என் முறையை விட்டுடாதே" என்று தாரியோவிடம் சொல்லிவிட்டுத்தான் இர்மா பேட்டரி மாற்ற உள்ளே போனாள். மூட்டை அடுக்கு சரிந்தது. ஊரோடு தாரியோவும் பெஞ்சிலேயே தூங்கிப்போயிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. நசுங்கிய பெட்டியோடு அவளை எடுத்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது கேவலம் என்று தெரியும். தெரிந்துவிட்டால் எரிச்சல் அடங்கிவிடுமா? வேலையில் அவள் பேச்சு, வட்டத்தில் அவள் முறை, அவன் கண்ணில் அவள் முகம். எனக்கென்று ஓர் இடம் வேண்டாமா?

தாரியோ வெந்நீர் வைக்க அடுக்களைக்குப் போனான். நான் உள்ளே போனேன்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இருட்டு. புளித்த இலையின் நெடி. நெற்றி விளக்கைப் போட்டுப் பெட்டியைத் திறந்தேன். இர்மாவின் பழைய ஆணியில்தான் அதை மாட்டியிருந்தேன்.

பேட்டரியை ஏற்கெனவே வேறு வகைக்கு மாற்றியாகிவிட்டது. ஈரத்தால் மின்சாரம் கசிகிறதோ என்று பலகையைக் கழுவி மேல்பூச்சும் பூசியிருந்தேன். சிக்னல் எட்டாமல் திரும்பத் திரும்பக் கத்துகிறதோ என்று ஆன்டெனாவை உயர்த்தியும் பார்த்தேன். வீட்டு மேசையில் வைத்தால் வாரக்கணக்கில் ஓடுகிறது. இங்கே மாட்டினால் சில நாளில் பேட்டரி காலி.

புதுப் பேட்டரியைப் போட்டு, நடுவில் மீட்டரைக் கோத்தேன். இந்தப் பெட்டி பெரும்பாலும் தூங்க வேண்டிய பெட்டி. ஈரம் சட்டென்று மாறினால் மட்டும் விழித்து, ஒரு செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். தூக்கத்தில் மின்சாரம் தொடுவது இல்லை என்றே சொல்லலாம், விழிப்பில்தான் செலவு. மீட்டரைப் பார்த்தேன். நன்றாகத் தூங்கியது.

விழித்தது.

தூங்கியது. மறுபடி விழித்தது.

போனில் ஈரத்தின் அளவைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது, ஏறியது. காற்றே புகாத அறை அது. அளவு அலை போல ஆட வழியே இல்லை. என் மூச்சுதான் படுகிறது போலும் என்று ஓர் அடி பின்னால் நகர்ந்து, மூச்சை அடக்கினேன்.

ஏறியது.

இறங்கியது.

யாரோ பெட்டியின்மேல் முகத்தை வைத்து மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்டரியைக் குடித்தது எந்தப் பழுதும் இல்லை. அந்த மூச்சு ஒவ்வொரு முறையும் பெட்டியை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. ஆனால் சன்னல் விளிம்பில் அந்தக் குடுக்கையைப் பார்த்ததும் பயத்தை மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது. நான் மாட்டியது எதுவும் நிலைக்கக் கூடாது என்றுதானே உள்ளே நிற்கிறாள்? குடுக்கையை எடுத்தேன். அடிவரை ஒரே இழுப்பாக உறிஞ்சினேன். நாக்கு சுட்டது. கதவிடுக்கில் வாயை வைத்து, அவளுக்குப் பதிலாக நானே சொன்னேன்.

"நன்றி. போதும். உன் முறை முடிஞ்சுது, போ."

சுற்றிலும் யாரும் இல்லை. காலிக் குடுக்கையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். ஈரம் ஒரே அளவில் நின்றிருந்தது. பெட்டி தூங்கிவிட்டது.

அதன்பின் அது நிற்கவே இல்லை. மாதம் தாண்டியும் பேட்டரி நிறைந்தே இருந்தது; அதுவரை நான் அந்த வாசல் பக்கம் போகவே இல்லை, போனில் பார்த்ததோடு சரி. தோன்யா ஹலினா என் முதுகில் தட்டி, "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான். வேலை உனக்குத்தான்" என்றாள். அன்று அவளும் எங்களோடு வாசலில் உட்கார்ந்தாள். தாரியோ, நடுவில் கொஞ்சம் இடம், அப்புறம் நான், எனக்கு எதிரே ஹலினா.

தாரியோ முதல் சுற்றைக் குடித்தான். இரண்டாவதை ஊற்றினான். சன்னலுக்கு எழுந்து போகவில்லை.

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கையை நீட்டினேன்.

அவன் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டு, குடுக்கையைப் பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் வைத்தான். குழலில் கடைசிச் சொட்டை இழுக்கும் அந்தக் கரகரச் சத்தம் கேட்டது. அவன் காலிக் குடுக்கையை எடுத்து, மறுபடி நிரப்பி ஹலினாவிடம் கொடுத்தான். அவள் சாதாரணமாக வாங்கிக்கொண்டாள். அடுத்தது மறுபடியும் அவனுக்கு.

"தாரியோ... என் முறை?"

அவன் முகத்தில் கோபம் இல்லை. வேடிக்கையும் இல்லை.

"நீதான் நன்றி சொல்லிட்டியே, நெலி."

"யார் சொன்னா உனக்கு?"

அவன் பக்கத்து வெற்றிடத்தை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு வெந்நீரை ஊற்ற ஆரம்பித்தான்.

அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் அசையவில்லை. பெட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப அங்கே யாரும் இல்லை.

நான் மூச்சை அடக்கினேன்.

என் பிடரி வெதுவெதுப்பாக ஈரமானது. காய்ந்தது. மறுபடி ஈரமானது.