மாலத்தீவுக்குப் போகாத மக்ரூன்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அன்று தட்டில் மக்ரூனை அடுக்கியது ஜெபசுதாவா, பாலகணேஷா? யோசிக்கும்போது இரண்டு விதமாகவும் காட்சி வருகிறது. தேர்வாளர் டாக்டர் ஹில்டா மேசையோடு சரிந்து விழுந்த சத்தம் மட்டும் எப்போதும் ஒரே மாதிரி கேட்கிறது.

திங்கட்கிழமை காலை. எங்கள் கல்லூரியின் கருத்தரங்கு அறை. பன்னாட்டு வணிகம் படிக்கும் எம்.பி.ஏ. இறுதியாண்டு மாணவர்களின் திட்ட ஆய்வு நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே நூலகர். எனக்கு அந்த அறையில் வேலையில்லை. ஆனால் அவர்களில் இருவருடைய தகர டப்பா ஒரு மாதமாக என் நூலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஜெபசுதாவும் பாலகணேஷும் சேர்ந்து போட்ட திட்டம் அது. தூத்துக்குடி மக்ரூனைத் தோணியில் ஏற்றி மாலத்தீவுக்கு அனுப்புவது. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்ந்த பண்டம். கடல்காற்று பட்டால் நமத்து, பல்லில் ஒட்டும். ஆகவே முழுத் திட்டமும் அந்தத் தகர டப்பாவை நம்பியிருந்தது. நாசரேத்தில் ஜெபசுதாவின் அத்தை ஞானபாய் நடத்தும் பேக்கரியில் சுட்ட மக்ரூன்களை ஒரு மாதத்துக்கு முன்பு அதில் அடைத்தார்கள். மூடியைச் சுற்றித் தாள் ஒட்டி, வழிகாட்டிப் பேராசிரியர் தேவபிரசாதம் அதன் மேல் கையெழுத்துப் போட்டார். அடைத்த நாளின் படம் சுவரொட்டியில் பெரிதாக இருந்தது: வெள்ளை மக்ரூன்கள், அவற்றின் மேல் நீல மணிகள் கொண்ட ஒரு சின்னப் பொட்டலம், பக்கத்தில் மாணவர்கள் இருவரின் சிரிப்பு.

நாகர்கோவிலிலிருந்து தேர்வாளராக வந்திருந்த ஹில்டாவிடம் தேவபிரசாதம் டப்பாவைக் காட்டினார். "என் கையெழுத்துதான் மேடம், பாத்துக்கோங்க."

பாலகணேஷ் முதலிலிருந்தே கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்; பிடித்தபடியே தாளைக் கிழித்தான். மூடி திறந்தது. மேலே கிடந்த பொட்டலத்தை எடுத்து வைத்தான். கண்ணாடித் தாளுக்குள் இளஞ்சிவப்பு மணிகள். கீழே மக்ரூன்கள், கூர்முனை கலையாமல் இருந்தன.

ஹில்டா ஒன்றை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகுமுன் நிறுத்தினார். "கடலை இல்லையே?"

அறையே சிரித்தது. நானும்தான்.

"தூத்துக்குடி மக்ரூன்ல கடலையா மேடம்! முந்திரி மட்டுந்தான்," என்றாள் ஜெபசுதா. தேவபிரசாதம் தலையசைத்தார்.

ஹில்டா கடித்தார். மொறுக்கென்ற சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. "பிரமாதம்," என்றார். சற்று நேரத்தில் கழுத்தைத் தடவினார். உதடு வீங்கியது. விழுந்தார். வலிப்பு என்று நினைத்து யாரோ அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே கடலை சாப்பிட்டாரா என்பதுதான். தேவபிரசாதத்தோடு கூடப் போயிருந்த ஜெபசுதா இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னாள். அவர்கள் வேறு காரணம் தேடினார்கள். நேரம் போயிற்று.

மதியம் இன்ஸ்பெக்டர் ஜெயபிரியா வந்தார். விளாத்திகுளத்துக்காரர். ஹில்டாவின் கணவர் புகார் கொடுத்திருந்தார். நாற்காலியில் உட்காராமல், தட்டில் மிச்சமிருந்த மக்ரூன் ஒன்றை உடைத்து முகர்ந்தார். பிறகு துளி எடுத்து நாக்கில் வைத்தார்.

"கடலை," என்றார். "கொஞ்சமில்ல, நெறையவே கெடக்கு."

ஜெபசுதா அதே மாதிரி ஒன்றை உடைத்து வாயில் போட்டாள்.

"இது எங்க அத்தை போட்டதில்ல மேடம்."

"சீல் கிழியாம இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சு."

"அப்போ உள்ளுக்குள்ள உங்க அத்தை மக்ரூன்தான இருக்கணும்?"

ஜெபசுதா மிச்சத் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"ஹில்டா மேடத்துக்குக் கடலை ஆகாதுன்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். மொத ரிவியூவுல கடலை மிட்டாய் நீட்டுனோம். தின்னா செத்துருவேன்னு சொன்னாங்க."

"அந்த ரிவியூவுல உன்னை அழ வச்சாங்களாமே?"

"பிளானைத் திருப்பி எழுதச் சொன்னாங்க. அழுதேன். அதுக்காகக் கொல்லுவாங்களா?"

"நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுளா."

அடுத்து பாலகணேஷ். வாய் ஓயவில்லை. "மேடம், எனக்கு மக்ரூனே பிடிக்காது. மிக்சர்தான் பிடிக்கும். வீடியோ இருக்கு மேடம், எடிட் பண்ணல, மியூசிக் கூடப் போடல."

"மியூசிக் போடாம இருந்தியே, அதுவே பெரிய புண்ணியம்லே. கொண்டா."

அவர் வீடியோவை மூன்று நான்கு முறை பார்த்தார். சுவரொட்டியின் முன் போய் நின்றார். மறுபடி வீடியோ. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லைப்ரரி சார். அலமாரிக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு துறைத் தலைவர் தேவபிரசாதம் சார்கிட்ட."

"நேத்து, ஞாயித்துக்கிழமை?"

"நூலகம் பூட்டியிருந்தது. நான் வீட்டில் இருந்தேன்."

"சாட்சி?"

எனக்குச் சாட்சி இல்லை. நான் தனியாக வாழ்கிறவன். ஞாயிறு முழுக்க ஒரு புத்தகத்தோடு இருந்தேன் என்று ஒரு போலீஸ்காரரிடம் எப்படிச் சொல்வது? அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். குற்றம் செய்யாதவனுக்கும் அப்படி ஒரு பார்வையின் முன்னால் ஏதோ செய்துவிட்டதாகவே தோன்றுகிறது.

தேவபிரசாதத்திடம் அவர் அதிகம் கேட்கவில்லை. "பொண்ணு எப்படி சார்?" என்றார்.

"நல்ல பிள்ளை மேடம். கொச்சியில ஒரு ஏற்றுமதி கம்பெனியில வேலை உறுதியாகியிருக்கு. நான்தான் சிபாரிசு பண்ணேன். இந்தத் திட்டத்துல நல்ல மதிப்பெண் வரணும்னு கேட்டிருக்காங்க. அவ செஞ்சிருக்க மாட்டா."

"அவ செய்யலேன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்லுதீங்க?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மாலையில் எல்லோரையும் நூலகத்துக்கு வரச் சொன்னார் ஜெயபிரியா. ஹில்டா இன்னும் கண் திறக்கவில்லை என்று தகவல் வந்திருந்தது. ஜெபசுதாவைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போக வாசலில் வண்டி நின்றது.

"ஒரே ஒரு சங்கதிதான் என்னை உறுத்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "மக்ரூன் மொறுமொறுன்னு இருந்துச்சு."

"அதுக்குத்தான மேடம் டப்பாவே!" என்றான் பாலகணேஷ்.

"அப்படித்தான் எல்லாரும் சந்தோசப்பட்டீங்க." பொட்டலத்தை மேசையில் வைத்தார். "இதை நீங்க அடைச்சப்போ நீலம். போட்டோவுல இருக்கு. மூடியைத் திறந்த அந்த நிமிசமே இளஞ்சிவப்பு. வீடியோவுல இருக்கு. எங்க கேமராப் பெட்டியிலயும் இதைத்தான் போட்டு வைப்போம். ஈரத்தைக் குடிச்சா நிறம் மாறும். முழுசா மாறிட்டுன்னா, இனிமே குடிக்க இடமில்லன்னு அர்த்தம். டப்பாவுக்குள்ள ஈரக்காத்து புகுந்திருக்கு. ஒரு மாசம் அதுக்குள்ள கெடந்த மக்ரூன் எப்படி இருக்கும்?"

"நமத்துப் போயிருக்கும்," என்றாள் ஜெபசுதா மெதுவாக.

"ஆனா நமக்கலை. ஏன்னா அது ஒரு மாசம் கெடந்த மக்ரூனே இல்ல. பழசை எடுத்துட்டுப் புதுசை வச்ச ஆளு, பொட்டலத்தை மட்டும் அப்படியே திருப்பி வச்சிட்டாரு."

"சீல் கிழியலையே மேடம்?" என்றேன் நான்.

"கிழிச்சிட்டுப் புதுசா ஒட்டலாம், லைப்ரரி சார். கையெழுத்து வேணும், அவ்வளவுதான். உங்கட்ட சாவி இருக்கு, கையெழுத்து இல்ல. போலிக் கையெழுத்தா இருக்குமோன்னு யோசிச்சேன். ஆனா கிழிக்கதுக்கு முன்னாடி அதை உத்துப் பாத்து, என் கையெழுத்துதான்னு ஒருத்தர் வீடியோவுல சொல்லுதார். அது நெசம்தான். சாவியும் கையெழுத்தும் ஒரே ஆள்ட்ட இருந்துச்சு."

தேவபிரசாதம் மறுக்கவில்லை.

"நேத்து ஒரு தடவை பாத்துருவோம்னு திறந்தேன்," என்றார். "எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக் கிடந்துச்சு. இவளுக்கு வேலை போயிரும்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை. சர்ச்சுக்குப் போற நம்ம ஆளுங்க பேக்கரி ஒண்ணும் திறக்கலை. ரோட்டோரமா ஒரு கடையில வாங்கினேன்."

"கடலை இல்லையேன்னு அவங்க கேட்டப்போ தலையாட்டுனீங்களே?"

"தூத்துக்குடியில யாரு மேடம் மக்ரூன்ல கடலை போடுவா?"

அவர் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பியிருந்தார். அந்த அறையில் சிரித்த நாங்கள் எல்லோருமே நம்பியதுதான் அது.

"சரி சார், அது தெரியாது. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு. இந்தப் பிள்ளை இல்லைன்னு சத்தியம் பண்ணுச்சு. வேற கடை மக்ரூன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; கையிலேயே வைத்திருந்தார்.

ஜெபசுதா அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"நமத்துப் போயிருந்தா, நமத்துப் போச்சுன்னு எழுதியிருப்போமே சார்," என்றாள். "அதுவும் ஒரு முடிவுதான? நீங்கதான எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க."

வண்டியில் தேவபிரசாதம் ஏறினார்.

ஹில்டா புதன்கிழமை கண் திறந்தார். பிழைத்துக்கொண்டார், குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. தேவபிரசாதம் வேலையை விட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வருகிறார். முந்திரிக்குப் பதில் கடலையைக் கலந்து விற்ற அந்த ரோட்டோரக் கடைக்குச் சீல் வைத்தார்கள். ஜெபசுதாவும் பாலகணேஷும் டப்பா தோற்றுப்போனதை அப்படியே எழுதி, வேறொரு தேர்வாளர் முன் தேர்ச்சி பெற்றார்கள். கொச்சி வேலை கிடைக்கவில்லை. ஜெபசுதா இப்போது துறைமுகத்தில் ஒரு சரக்கு முகவரிடம் வேலை பார்க்கிறாள். பாலகணேஷ் துபாய்க்குப் போனான். ஜெயபிரியா மாற்றலாகிப் போனார். நான் அதே நூலகத்தில் இருக்கிறேன்.