அவள் கை நன்றாகத்தான் இருந்தது

காலையில் அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமியார் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்த வேகத்தில் பால் ததும்பி மேடையெல்லாம் வழிந்தது. கொழுந்தன் காதில் ஹெட்போனோடு மேஜைமேல் கவிழ்ந்திருந்தான். கணவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே ஏதோ தொலைந்துபோனதைத் தேடுகிறவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவளுடைய ஆல்பம் வெளியான நாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பெயர் மட்டும் போட்டு வந்த ஆல்பம். யாராவது ஒருத்தர் "நல்லா இருக்கும்மா" என்று சொல்வார்கள் என்று நம்பித்தான் மாடிப்படி இறங்கி வந்தாள்... பைத்தியக்காரி!

"வாம்மா, வா! மகராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?" என்றாள் நாத்தனார், கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. "வெட்கமா இல்ல உனக்கு?"

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? உலகம் பூரா கேட்டுட்டிருக்கு உன் வாசிப்பை! குதிரை மாதிரி ஓடுதாம் விரல்... எழுதியிருக்கான் ஒருத்தன். அப்ப இத்தனை வருஷமா எங்க முன்னாடி மணிக்கட்டுல பட்டை கட்டிக்கிட்டு முகத்தைச் சுளிச்சியே, அது என்ன நாடகம்?"

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த வீடே ஒரு பேண்ட். பாடுவது கணவர். அவர் தொண்டையைத் திறந்தால் அரங்கம் அதிரும் என்று ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் சிங்கம். கிட்டார் கொழுந்தன். ட்ரம்மர் மட்டும் வெளி ஆள். மேடை பிடிப்பது, பேரம் பேசுவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று விரலை நீட்டுவது எல்லாம் கணவரின் அக்காவான அந்த நாத்தனார்தான். கீழ்த்தளத்தில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்த அறையில் பயிற்சி நடக்கும். அங்கே ட்ரம்ஸுக்குப் பக்கத்து மூலையில், நான்கு தடித்த கம்பிகள் கொண்ட பேஸ் கிட்டாரோடு நிற்பவள் அவள். பாதிப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டதும் அவள்தான். ஆனால் பேஸ் வாசிக்கிறவளை யார் பார்க்கிறார்கள்? நின்றுபோனால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும்.

கொழுந்தன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணி... ரெண்டாவது பாட்டு நம்ம பாட்டுதானே? நீங்க போட்ட மெட்டு. அதை முழுச் சுதியில வாசிச்சிருக்கீங்க. கம்பியைத் துளிகூடத் தளர்த்தல. அந்த வேகத்துல வாசிக்கணும்னா கை இரும்பு மாதிரி இருக்கணும்."

அவன் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான்.

"கம்பி இறுக்கமா இருந்தா மணிக்கட்டு வலிக்குதுன்னு சொன்னீங்க. உங்களுக்காக மொத்தப் பேண்டும் சுதி இறக்கினோம். பாட்டெல்லாம் செத்துப்போச்சுன்னு ஜனங்க திட்டினாங்க, பொறுத்துக்கிட்டோம். வேற பேண்ட்ல என்னைக் கூப்பிட்டப்ப, அண்ணி கை சரியில்லாத நேரத்துல விட்டுட்டுப் போறது பாவம்னு போகாம நின்னேன்! எல்லாம் பொய்யா அண்ணி?"

நாத்தனார் கத்தியதை அவள் தாங்கிக்கொண்டாள். இவன் குரல் உடைந்ததை அவளால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் அவளிடம்தான் அவன் முதல் தாளம் கற்றுக்கொண்டான். சொல்லிவிடலாம்... ஒரே வாக்கியம்தான்! ஆனால் அந்த வாக்கியம் அவளுடையது அல்லவே.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மேடையிலிருந்து இறங்கியதும் கணவர் உடை மாற்றும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அவள் தட்டித் தட்டித்தான் திறந்தார். தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். "மேல போக மாட்டேங்குதும்மா... அந்த இடம் வந்தாலே குரல் பிசிறுது. தொண்டைக்குள்ள சதை வளர்ந்திருக்காம். அறுத்தாலும் பழைய குரல் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வெளில தெரிஞ்சா அன்னிக்கே நான் செத்தேன்..."

மறுநாள் பயிற்சியில் அவளே முந்திக்கொண்டாள். "எனக்குக் கை வலிக்குது. எல்லாரும் சுதி இறக்குங்க, கம்பி தளர்வா இருந்தாத்தான் என்னால முடியும்" என்றாள். சுதி இறங்கியதும் பாட்டின் உச்சியும் இறங்கி அவர் தொண்டைக்கு எட்டியது. ஒரு மாதம் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தாள். அந்த மாதம் வருடங்களாக நீண்டது. நாத்தனார் வாங்கித் தந்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். "கை விளங்காதவளை வெச்சு மாரடிக்கிறோம்" என்று நாத்தனார் விருந்தாளிகள் முன்னால் சொன்னபோதும் தட்டைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

ஆல்பம் செய்யலாம் என்று ரெக்கார்டிங் செய்யும் தோழி ஒருத்தி கூப்பிட்டபோது, முதலில் கணவரிடம்தான் கேட்டாள். "முழுச் சுதியில வாசிக்கப் போறேங்க. வீட்டுல கேள்வி வரும்" என்றாள். அவர் அவள் தலையைத் தடவி, "வரட்டும். நான் பார்த்துக்கறேன், நீ உன் இஷ்டத்துக்கு வாசி" என்றார்.

இதோ, கேள்வி வந்துவிட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்றவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"இப்ப ஒரே வழிதான் இருக்கு," என்றாள் நாத்தனார். குரலில் மேனேஜர் வந்துவிட்டாள். "அடுத்த மாசம் டூர். இந்த நேரத்துல பேண்ட் பொய் சொல்லிச்சுன்னு பேர் வரக் கூடாது. ஆல்பத்துல வாசிச்சது வேற ஆள்னு சொல்லிடு. நீ மெட்டு மட்டும்தான் போட்ட. சாயங்காலம் இசைக்கருவிக் கடையில வாசிக்கறேன்னு போட்டிருக்கியே, அதுவும் வேணாம். கை வலின்னு சொல்லிடு. உனக்குத்தான் பழக்கமாச்சே!"

அவள் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க? நான் வாசிச்சதை... வேற ஒருத்தர் வாசிச்சதா நான் சொல்லணுமா?"

"குடும்பத்துக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?" என்றார் மாமியார் துணியால் பாலைத் துடைத்தபடி. "விட்டுக்கொடுத்தா நீ என்ன குறைஞ்சா போயிடுவ?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க... நீங்க சொல்லுங்க. அக்கா சொல்றது சரியா?"

அவர் தலையை நிமிர்த்தாமலே முனகினார். "அக்கா சொல்றதுலயும்... ஒரு வகையில... டூர் முடியற வரைக்கும்..."

அவளுக்குள் வந்ததை வலி என்று சொல்ல முடியாது. கோபம்! இத்தனை வருடமாக எங்கே ஒளிந்திருந்ததோ, அத்தனை கோபமும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"முடியாது!" என்றாள். அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "விட்டுக்கொடுத்தேன் அத்தை. என் கையையே விட்டுக்கொடுத்தேன்! இன்னும் என்ன மிச்சம் இருக்கு எங்கிட்ட?"

கீழே போய் பேஸைப் பெட்டியில் வைத்து மூடினாள். படிக்கட்டில் கணவர் ஓடி வந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா... உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியும் குரல் அசையவில்லை. "உங்க விஷயத்தை நீங்க சொல்ல வேணாம். நானும் சொல்ல மாட்டேன், உயிரே போனாலும் சொல்ல மாட்டேன். ஆனா என் கை கெட்டுப்போச்சுன்னு இனி ஒரு தடவைகூட என் வாயால வராது. உங்க மானத்தை நான் காப்பாத்தினேன். என் மானத்தைக் காப்பாத்த இந்த வீட்டுல ஒரு நாதி இல்லையே!"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கடை பெரியதல்ல. தொங்கும் கிட்டார்களுக்கு நடுவே இடம் ஒதுக்கி, ஐம்பது அறுபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ட்ரம்ஸில் ஒரு கல்லூரிப் பெண். ஒலிப்பெட்டி அருகே ரெக்கார்டிங் தோழி. முதல் பாட்டு தொடங்கியதும் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. இறுக்கமான கம்பி விரலைக் கடித்தது... அந்தக் கடி எவ்வளவு சுகம்! தரை அதிர்ந்தது. சுவரில் தொங்கிய கிட்டார்கள் தாமாக முணுமுணுத்தன. ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

பாட்டு முடிந்தபோது கடைசி வரிசையில் நாத்தனாரும் கொழுந்தனும் நிற்பதைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கணவர்.

பத்திரிகைக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். "மேடம், உங்க கையில பிரச்சனை, அதனாலதான் பேண்ட் சுதி இறக்கிச்சுன்னு சொன்னாங்க. இப்ப கை குணமாயிடுச்சா?"

நாத்தனார் கண்ணாலேயே மிரட்டினாள்.

"குணமாகறதுக்கு என்ன இருக்கு? என் கை நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள் மைக்கில். "எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

பின்னாலிருந்து கொழுந்தன் அடக்க முடியாமல் கேட்டுவிட்டான். "அப்ப ஏன் அண்ணி பொய் சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் கேக்கறேன், சொல்லுங்க!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி பேஸின் மேல் விழுந்தது. "அதை நான் சொல்ல மாட்டேன்ப்பா. என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் நினைச்சுக்கோ."

வேறு வழி தெரியாமல் இரண்டாவது பாட்டைத் தொடங்கினாள். பேண்டின் பாட்டு, பழைய முழுச் சுதியில். ஆல்பத்தில் அதற்குப் பாடகர் கிடையாது. பேஸ்தான் பாடும்.

வாசல் கதவு திறந்தது. "சிங்கம்!" என்று யாரோ கூவினார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. கணவர் நேராக முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது. அவளைப் பார்க்காமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் நிறுத்தவில்லை. முதல் அடி, இரண்டாம் அடி... ஜனங்கள் கைதட்டினார்கள். அந்த உச்ச இடம் வந்தது. அவர் கழுத்து நரம்பு புடைக்க மேலே எட்டினார். குரல் கிழிந்தது. காற்று மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

அவள் விரல்கள் நின்றன.

"வாசி," என்றார் அவர் கரகரத்த குரலில். "இன்னொரு தடவை." மறுபடியும் எட்டினார். மறுபடியும் உடைந்தது, முன்பைவிட அசிங்கமாக. முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டீங்களா?" என்றார் அவர். "இதுதான் காரணம். தம்பி, நீயும் கேட்டுக்கோ. சுதி இறங்கினது அவ கைக்காக இல்ல. என் தொண்டைக்காக. என் மானம் போகக் கூடாதுன்னு அவ தன் கையைக் கெட்ட கைன்னு சொன்னா. நான்... சிங்கம்னு பேர் வெச்சுக்கிட்டு... அவ பின்னாடி ஒளிஞ்சிருந்தேன். காலையில என் கண் முன்னாடியே அவளைக் கிழிச்சாங்க. அப்பவும் டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தேன்!"

அவர் அவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள அவள் மனம் துடித்தது. ஆனால் பிடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஆறு பாட்டு இருக்கு," என்றாள். "ஓரமா உக்காருங்க."

ஒரு நொடி திகைத்துவிட்டு யாரோ சிரித்தார்கள். பிறகு கடையே கை தட்டியது. சிங்கம் தரையில், ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அவள் ஆறு பாட்டையும் வாசித்தாள், ஒன்றைக்கூடச் சுருக்காமல்.

முடிந்ததும் கடைக்குப் பின்னால், ஒயர்களைச் சுருட்டும் இடத்தில், கொழுந்தன் வந்து நின்றான். "மன்னிச்சுடுங்க அண்ணி" என்பதற்குள் விம்மிவிட்டான். அவனை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ கேட்டது நியாயம்டா. உங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கணும். அந்தப் பேண்ட் மறுபடியும் கூப்பிட்டா, போ. யாருக்காகவும் நிக்காத."

அவனுக்குப் பின்னால் கணவர். அவரைப் பார்த்ததும் அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"இதைச் சொல்ல இத்தனை வருஷமாங்க? காலையில சொல்லியிருந்தா என்ன? என்னைத் தெருவுக்குத் துரத்திட்டுத்தான் சொல்லணுமா?"

"அடி... இன்னும் அடி," என்றார் அவர் அழுதுகொண்டே. "இனிமே அந்தப் பாட்டைப் பாட மாட்டேன்."

"யாரு பாட வேணாம்னா? உங்க குரல் எங்க நிக்குதோ அங்க நின்னு பாடுங்க. அதுக்கு ஏத்த மெட்டு நான் போடறேன். நான் என்னிக்காவது உங்க குரலைக் குறைன்னு சொன்னேனா?" என்றவள் அவர் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் அவள் கையை எடுத்து, சிவந்து வீங்கியிருந்த விரல் நுனிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாத்தனார் கொஞ்ச தூரத்திலேயே நின்றிருந்தாள். வாழ்நாளில் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். கைப்பையைத் திறந்தாள், மூடினாள். கடைசியில், "நான் பேசினது தப்புதான்... வாய்க் கொழுப்பு," என்றாள். "மூணு நாலு ஊர்ல உன் ஆல்பத்துக்கு மேடை கேக்கறாங்க. நீ சொன்னா... நானே எல்லாம் பேசி முடிக்கறேன்."

"பேசுங்கக்கா. உங்களை மாதிரி பேச யாரால முடியும்?" என்றாள் அவள். "ஆனா போஸ்டர்ல சிங்கத்தின் மனைவின்னு போடக் கூடாது. நான் பேஸ் வாசிக்கறவ. அதை மட்டும் போடுங்க."

"பெருசாவே போடறேன்," என்றாள் நாத்தனார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கணவர் பெட்டியைத் தூக்கப் போனார். அவள் தடுத்தாள். "கனமா இருக்கும், விடுங்க," என்று சொல்லிவிட்டு, பேஸைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.