கலாநிதிப் பட்டத்தைக் களவெடுத்தவன்

“ஹலோ! பொலிஸ் ஸ்டேஷனா? என்னோட கலாநிதிப் பட்டத்தக் களவெடுத்துட்டாங்க!”

1969. உக்குவளைத் தபாற்கந்தோர். ஆராய்ச்சி மாணவன் மக்கீன் ரிசீவருக்குள் கத்தினான்.

மறுமுனையில் சப்-இன்ஸ்பெக்டர் நல்லையா கொட்டாவி விட்டார்.

“கண்ணாடிச் சட்டம் போட்டதா, போடாததா?”

“இன்னும் கிடைக்கவே இல்ல சேர்! மிளகு காய வைக்கிற மெஷின்... அத வச்சுத்தான் என் ஆராய்ச்சி! வெள்ளிக்கிழமை கொட்டிலப் பூட்டிட்டுப் போனேன். இன்னிக்குப் பூட்டு மட்டும் கெடக்கு!”

இரண்டு வருட உழைப்பு! இன்று அவனை வழிநடத்தும் பேராசிரியர் ராமநாதன் பார்க்க வருகிறார். மெஷின் ஓடினால் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடம் தொடரும். இல்லாவிட்டால்... வாப்பாவின் புடவைக் கடையில் சீத்தைத் துணி கிழிக்க வேண்டியதுதான்!

நல்லையா வந்தார். பேராசிரியரும் வந்துவிட்டார்!

வாசலில் டிரக்டர் தடம்.

எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார்: “சனிக்கிழமை லக்கல ஊரு முத்தலிப் டிரக்டர்ல எதையோ படங்கு போட்டு மூடிட்டுப் போனாரு.”

மூவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது.

லக்கல. மாலை நாலு மணி. திடீரென்று...

காட்டையே கிழித்தது ஓர் அலறல்!

நல்லையா துப்பாக்கியை உருவினார்.

“பொம்பளக் குரல்... கொலை!”

“இல்ல சேர்!” மக்கீனின் முகம் மலர்ந்தது. “அது என் மெஷின்! காத்தாடி அப்பிடித்தான் கத்தும்!”

குரக்கன் கதிர் விளைந்த சேனைப் பயிர்நிலத்தின் நடுவே மெஷின். பக்கத்தில் முத்தலிப். காட்டோரத்தில்... வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு கொம்பன் யானை!

மக்கீன் பாய்ந்து முத்தலிபின் சட்டையைப் பிடித்தான்.

“என் வாழ்க்கையையே தூக்கிட்டுப் போயிட்டீங்களே, முத்தலிப் நானா!”

“மன்னிச்சிருங்க தம்பி. மூணு போகமா எல்லாத்தையும் யானை தின்னுருச்சு. போன மாசம் மிளகு விக்க வந்தப்ப, இந்தச் சத்தத்துல என் வண்டி மாடு கயித்த அறுத்துட்டு ஓடிச்சு. அப்பதான் யோசன வந்திச்சு... சனிக்கிழமைலேர்ந்து ஒரு கதிர் சேதமில்ல!”

மக்கீனின் பிடி தளர்ந்தது.

“கேஸ் வேணாம் சேர்...”

பேராசிரியர் மெஷினை நிறுத்தச் சொல்லி உள்ளே கையை விட்டார். வெளியே வந்தது கரி!

“மக்கீன், மிளகு காயல்ல. கருகியிருக்கு! இந்த ஆராய்ச்சிக்கு இனி இடமில்ல.”

மக்கீன் கரியை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தான்.

“ஆனா யானை விரட்டுற ஆராய்ச்சிக்கு இடமிருக்கு. மூணு வருஷம்! முத்தலிப்தான் உங்க உதவியாளர். ஒண்ணு மட்டும்... பட்டம் குடுக்கணும்னா, வெளியிலேருந்து ஒரு பரீட்சகர் வந்து பாத்து ஒத்துக்கணும்.”

நல்லையா காட்டைக் காட்டினார்.

“வந்து பாத்துட்டு, ஒத்துக்கிட்டு, இப்பதானே ஓடினாரு சேர்!”